கல்லை முட்டையாக்கிய நாலு நிமிட ஆடியோ

போன வியாழக்கிழமை பெரம்பலூரிலிருந்து கீழப்பழுவூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்குப் போய் வந்தேன். ஊர் சுற்றப் போகவில்லை, சண்டை போடப் போனேன். பிள்ளைகள் செல்போனில் பாட்காஸ்ட் செய்து படிக்கும் பள்ளி அது. பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் என்னிடம் வழி கேட்பதால் நேரமும் காசும் சேர்த்தே எழுதுகிறேன்.

காரணம் இதுதான். எங்கள் பக்கத்து ஓடைகளில் பெரிய உருண்டைக் கற்கள் கிடைக்கும். பார்த்தவர்கள் எல்லாம் டைனோசர் முட்டை என்பார்கள். முட்டை இல்லை, இங்கே கடல் இருந்த காலத்தில் சிப்பியைச் சுற்றிச் சேறு இறுகிய கல் என்று இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரிக்கு எடை போட்டுக்கொண்டே நானாகப் படித்தது. பட்டம் இல்லாதவன் பேச்சை யார் கேட்பார்கள்? நான் காட்டிய ஓடையைப் பற்றி ஒருவர் கட்டுரை எழுதினார். அதில் என் பெயர் ஒரு மூலையிலும் இல்லை.

போன மாதம் அந்தப் பள்ளியின் அறிவியல் ஆசிரியை இரண்டு மாணவிகளோடு வீட்டுக்கு வந்து, நாற்பது நிமிடம் என் பேச்சைப் பதிந்துகொண்டு போனார். அது நாலு நிமிட ஆடியோவாக வாட்ஸ்அப்பில் வந்தது. அதில் நான், “அச்சு அசல் முட்டை மாதிரியே இருக்கும்ங்க, ஓடுகூடத் தெரியும்” என்கிறேன். அவ்வளவுதான். ‘இல்லை’ எங்கே போயிற்று? வெட்டிவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். இருபது வருடப் பேச்சு நாலே நிமிடத்தில் தலைகீழாகிவிட்டது.

காலை 8.10க்குப் பெரம்பலூரில் பஸ். அரியலூர் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், டிக்கெட் 28 ரூபாய், 9.20க்கு இறக்கிவிட்டார்கள். வலப்பக்க ஜன்னல் வேண்டாம், எதிரே வரும் சிமெண்ட் லாரிகளின் தூசி முழுக்க முகத்தில்தான். அங்கிருந்து தஞ்சாவூர் பஸ்ஸில் கீழப்பழுவூர், 14 ரூபாய். பிறகு மூன்று கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ, 20 ரூபாய். டிரைவர் என் குரலைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தார்.

“ஐயா, முட்டை ஆடியோ நீங்கதானே? ஒண்ணு குடுங்களேன், ஆம்லெட் போட்டுப் பாப்போம்.”

“ரோட்டப் பாத்து ஓட்டு” என்றேன்.

பள்ளியில் பிள்ளைகள் போன் கொண்டுவரக் கூடாது. ஆசிரியையின் போன் ஒன்று, ஒரு மாணவிக்குக் குவைத்தில் இருக்கும் அப்பா கொடுத்த பழைய போன் ஒன்று, இவ்வளவுதான். வகுப்பில் லாரிச் சத்தம் என்பதால் சத்துணவு அரிசி மூட்டைகள் அடுக்கிய அறையில் பதிவு செய்கிறார்கள். மூட்டைகள் எதிரொலியை விழுங்கிவிடுகின்றன. அந்த யோசனை நன்றாகத்தான் இருந்தது. நான் பாராட்டவில்லை.

“முழுசும் போடுங்க. எதை வெட்டுனீங்கன்னு நான் பாக்கணும்” என்றேன்.

“மெமரி கார்டுல அப்படியே இருக்குங்க ஐயா. உக்காருங்க” என்றார் ஆசிரியை. அன்று வீட்டுக்கு வந்த இருவரில் ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பு மாணவி, போட்டாள். வெட்டி ஒட்டியதெல்லாம் அவள்தானாம். பதிவிலேயே எதையாவது உருவியிருப்பார்களோ என்று என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். நாற்பது நிமிடமும் சரியாக ஓடியது.

கட்டுரையில் என் பெயரை விட்டவரைப் பற்றி அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். கல் எப்படி இருக்கும் என்று கொஞ்சம். முட்டை இல்லை என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை.

“நாங்களும் அதைத்தான் தாத்தா தேடுனோம்” என்றாள் அந்த மாணவி. “முட்டைங்கிறீங்களா இல்லைங்கிறீங்களான்னே புரியல. சொன்ன வரைக்கும் போட்டுட்டோம்.”

“புரியலன்னா திரும்ப வந்து கேக்கறதுதானே?”

“அன்னைக்கு உங்க வீட்டுல நீங்க டீச்சரயே அந்தத் திட்டு திட்டுனீங்க. பயமா இருந்துச்சு.”

ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். மறுபடி பதிய வேண்டும் என்றேன். இரண்டு நிபந்தனை போட்டேன். நான் சொல்வதில் ஒரு சொல்லையும் வெட்டக் கூடாது, என் போனிலும் சேர்த்தே பதிவேன். அவள் ஒரு நிபந்தனை போட்டாள், நாலு நிமிடத்துக்கு மேல் கூடாது. ஒப்புக்கொண்டேன். பையில் கொண்டு போயிருந்த உடைந்த கல்லைக் காட்டி, உள்ளே சிப்பி இருப்பதையும் ஓடு என்பது வெறும் மேல்தோல் என்பதையும் சொன்னேன். “இது முட்டை இல்லை” என்று மூன்று தடவை சொன்னேன். முடிக்கும்போது அவள் கேட்டாள்.

“போன தடவ ஏன் தாத்தா இதைச் சொல்லல?”

நீங்கள் போவதானால் வியாழக்கிழமை போங்கள், அன்றுதான் பதிவு. பதினொன்றுக்குள் போய்விடுங்கள், பிறகு சமையலுக்கு அரிசி எடுக்க ஆள் வந்துவிடும். உங்கள் பேச்சைக் கொடுப்பதானால் உங்கள் போனிலும் பதியுங்கள். யாரையும் நம்பச் சொல்லி நான் எழுதவில்லை. பழைய ஆடியோ வந்தால் அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.

புதிய ஆடியோ ஞாயிறன்று வந்தது. அவள் கேட்ட கேள்வி அதில் இருக்கிறது. அதன்பின் ஐந்து நொடி சத்தமே இல்லை. அதை எடுத்துவிடச் சொல்லி ஆசிரியைக்குப் போன் போட்டேன். அவர் போனை அவளிடம் கொடுத்தார்.

“நீங்கதானே தாத்தா எதையும் வெட்டக் கூடாதுன்னீங்க?”

அந்த ஐந்து நொடி இன்னும் அதில் இருக்கிறது.