பள்ளம் எந்தப் பக்கம்

என் கணவருக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. கோடையில் மொண்டெல்லோக் கடற்கரையில் குடை நடுவது, சாய்வுக் கதிரை அடுக்குவது, குளிர் தொடங்கும்போது எல்லாவற்றையும் கழற்றி வைப்பது அவருடைய வேலை. அந்த மாதங்களில் ஒரு குறையும் இல்லை. வேலை நின்ற பிறகுதான் தொல்லை. பிரான்காச்சோவில் நான்காம் மாடியில் எங்களுக்கு இரண்டே அறை. குசினியிலிருந்து பல்கனி, பல்கனியிலிருந்து வாசல் என்று நடந்துகொண்டே இருப்பார். தேத்தண்ணியையும் நின்றபடிதான் குடிப்பார். "ஒருக்கா இருங்கோவன்" என்றால் இருப்பார். நான் திரும்புவதற்குள் எழும்பிவிடுவார்.

நான் மன்னாரில் பிறந்து ஏழு வயதில் இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்தவள். அவர் போர் முடிந்த பிறகு வன்னியிலிருந்து வந்தார். மாதா கோயிலில் பழக்கமானவர்கள் பேசி முடித்த கல்யாணம். பதினொரு வருடமாகிறது. அப்பா காய்ச்சலில் செத்துப்போனார் என்று பெண் பார்க்க வந்த அன்று சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பொலிதேயாமாப் பக்கம் ஒரு சின்யோராவின், வயதான இத்தாலிய அம்மாவின், வீட்டில் நான் வேலை செய்கிறேன். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். வாய் ஓயாது. போன குளிர்காலத்தில் அவருக்கு ஒரு யோசனை பிடித்துக்கொண்டது. இரண்டாயிரம் வருடத்துக்கும் முன்னால், ரோமர் இந்த நகரத்தைப் பிடித்துக் கீழே இருந்த காலத்தில், கார்த்தேஜ்காரரின் படை மலையில் ஏறிக்கொண்டு சில வருடம் இறங்கவே இல்லையாம். இரண்டு படைக்கும் நடுவே ஓடிய எல்லைச் சுவரின் மிச்சம் மொண்டெல்லோவுக்கு மேலே எங்காவது கிடக்கும் என்றார். தனியாக மலைக்குப் போக அவருடைய பிள்ளைகள் விடமாட்டார்கள். "நீ வா" என்றார்.

வியாழக்கிழமை பின்னேரம் எனக்கு அரை நாள் லீவு. அதையும் சின்யோராவின் கல்லுக்குக் கொடுப்பதா என்று முதலில் எரிச்சல் வந்தது. பிறகு வீட்டுக்குள் நடந்து திரிகிறவரை நினைத்தேன். அவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

முதல் மூன்று வியாழனும் ஒன்றும் அகப்படவில்லை. ஆட்டுப் புழுக்கை, நாகதாளி, காட்டுப் பெருஞ்சீரகம், முகத்தில் அறைகிற கடற்காற்று. சின்யோரா வரைபடத்தை விரித்து விரித்துப் பார்ப்பார். என் கணவர் ஐம்பது அடி முன்னால் போய்விட்டுத் திரும்பி வருவார், மறுபடியும் போவார். நாங்கள் ஒருமுறை நடந்த வழியை அவர் மூன்று முறை நடந்திருப்பார்.

நான்காம் வியாழன், முட்பற்றைக்குள் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் வரிசை தென்பட்டது. சின்யோராவுக்கு மூச்சு வாங்கியது. "இது ஆட்டுப்பட்டியா, சுவரா? சுவர் என்றால் யாருடையது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

என் கணவர் கல்லைத் தாண்டி மலைப்பக்கமாகக் குதித்தார். காலால் மண்ணைத் தட்டிக்கொண்டு அந்த வரிசை நீளத்துக்கும் நடந்துவிட்டு வந்தார்.

"ஆட்டுப்பட்டி இல்லை. அவவுக்குச் சொல்லும்" என்றார். அவருடைய இத்தாலியன் குடைக்கும் கதிரைக்கும் போதும், இதற்குக் காணாது. "மேல்பக்கம் பள்ளம் இருந்திருக்கு. தூர்ந்து போச்சு, ஆனாத் தெரியுது. அந்த மண்ணை அள்ளி இஞ்சாலை போட்டு, அதுக்கு மேலை கல்லு வச்சிருக்கினம். மேலையிருந்து வாறவனுக்குப் பயந்தவைதான் இதைக் கட்டினது."

நான் சொன்னேன். சின்யோரா வரைபடத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். "அப்படியென்றால் கீழே இருந்த ரோமர்! இவருக்கு எப்படித் தெரியும்? கேள், கேள்."

கேட்டேன். அவர் கையிலிருந்த மண்ணைக் காற்சட்டையில் துடைத்தார்.

"நான் வெட்டியிருக்கிறன்."

"என்னத்தை?"

"இது மாதிரித்தான், மண் அணை. வீட்டுக்கு ஒராள் வரவேணும் எண்டு இயக்கத்திலை கூப்பிட்டவை. முன்னுக்குப் பள்ளம், பின்னுக்கு அணை. ரெண்டு கிழமை வெட்டினன்."

எவ்வளவு ஆழம் என்று சின்யோரா கேட்டார். என் கணவர் கையைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினார். "என்ரை துண்டுதான் நல்ல ஆழம். வந்து பாத்தவை, வடிவா வெட்டியிருக்கிறாய் எண்டவை." சொல்லும்போது கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்புப் போன பிறகும் பேச்சு நிற்கவில்லை.

"சண்டையின்ரை கடைசியிலை சனம் அந்த வழியாத்தான் வெளிக்கிட்டது. விடியக்காலமை. மழை பெஞ்சு பள்ளத்திலை நெஞ்சளவு தண்ணி. அப்பாவுக்குக் கால் ஏலாது. இறங்கி, அவரைத் தூக்கி அங்காலை விடப் பாத்தன். கரை வழுக்குது. பிடிக்க ஒண்டும் இல்லை. நான்தானே சீவிச் சீவி நேரா வெட்டினது. 'நீ ஏறு, ஏறிக் கையைத் தா' எண்டார். எப்பிடியோ ஏறினன். திரும்பிக் கையை நீட்டினா அந்த இடத்திலை வேறை ஆக்கள் நிக்கினம். கூப்பிட்டன். பின்னாலை வந்த சனம் என்னைத் தள்ளிக்கொண்டு போட்டுது."

அவர் ஒவ்வொரு வசனமாகச் சொல்ல, நான் ஒவ்வொரு வசனமாக இத்தாலியனில் சொன்னேன். அடுத்த வசனம் வந்துகொண்டிருந்ததால் எனக்கு அழ நேரம் கிடைக்கவில்லை. 'அவர்' என்று சொல்லத் தொடங்கியவள் எந்த இடத்தில் 'நான்' என்று மாறினேனோ தெரியாது. நான் ஏறினேன், நான் கையை நீட்டினேன், என் அப்பா அங்கே இல்லை என்று ஒரு அந்நிய மனுசிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்த பிறகுதான் காய்ச்சல் என்ற சொல் நினைவுக்கு வந்தது.

சின்யோரா வரைபடத்தை மடித்தார். என் கணவருடைய சட்டைக் கையில் ஒட்டியிருந்த முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். பிறகு நாங்கள் இறங்கினோம்.

பஸ்ஸில் எனக்குக் கோபம் பொங்கியது. பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தமிழ் விளங்காது என்பது நல்லதாகப் போயிற்று.

"ஒவ்வொரு நவம்பரும் மாமாவின்ரை ஆத்துமத்துக்குப் பூசை குடுக்கிறன். நீங்களும் பக்கத்திலை முழங்காலிலை நிண்டனீங்கள்."

"ஓம்."

"அப்ப ஏன் காய்ச்சல் எண்டு சொன்னனீங்கள்?"

"காய்ச்சல் எண்டா ஒருத்தரும் மேலை கேக்கமாட்டினம்."

"எனக்குப் பதினொரு வருசமாச் சொல்லேல்லை. அவவுக்குச் சொல்லுறீங்கள்!"

அவர் யன்னலைப் பார்த்தபடி இருந்தார். "அவவுக்கு எங்கை சொன்னனான்? நான் உமக்குத்தான் சொன்னனான். அவவுக்குச் சொன்னது நீர்."

இரண்டு தரிப்பிடம் தாண்டியதும் அவரே சொன்னார்: "இனிப் பூசை குடுக்காதையும். அவர் செத்ததை நான் காணேல்லை."

அந்தக் கிழமை முழுக்க நான்தான் இருப்புக் கொள்ளாமல் திரிந்தேன். சின்யோராவின் யன்னல்களை இரண்டு முறை துடைத்தேன். சோறு இரண்டு நாள் அடிப்பிடித்தது. காணாமல் போனவர்களைப் பதியும் விண்ணப்பம் ஒன்று இருப்பதாகக் கோயிலில் ஒரு அக்கா சொன்னார். அதைப் போனில் இறக்கி, அச்சடித்து, ஞாயிற்றுக்கிழமை குசினி மேசையில் வைத்தேன். அவர் மறுக்கவில்லை. இருக்கவும் இல்லை.

உயரம்? சொன்னார். அங்க அடையாளம்? இடது புருவத்தில் ஒரு வெட்டு. கடைசியாகப் போட்டிருந்த உடுப்பு? நீலக் கோடு போட்ட சாரம், மேலே ஒரு பெண்பிள்ளையின் மழைக்கோட்டு. அவர் அளவில் வேறு கிடைக்கவில்லையாம். கடைசியாகக் கண்ட இடம் என்ற கேள்விக்குப் பல்கனிக்குப் போய் நின்றுவிட்டார். நான் பேனையை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். திரும்பி வந்து ஊர்ப்பேரைச் சொன்னார். ஒரு பக்கத் தாளை நிரப்ப ஒரு பின்னேரம் போயிற்று.

கையெழுத்துப் போட்டுவிட்டுச் சப்பாத்தை மாட்டினார். "ஒருக்கா நடந்திட்டு வாறன்."

"நானும் வாறன்" என்றேன்.

பட்டறைகள் எல்லாம் பூட்டிக் கிடந்த தெருக்கள் வழியாகக் கடற்பக்கம் நடந்தோம். மாமா எப்படிப்பட்டவர் என்று கேட்டேன். அந்தக் கேள்வியை அதுவரை நான் கேட்டதே இல்லை. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவனோடு சண்டை பிடிப்பாராம். அவன் ஒரு வசனம் வாசிக்க, இவர் ஒரு பதில் சொல்வாராம். ஒருநாள் கோபம் முற்றி ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போய்க் கோழிக்கூட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாராம். செய்தி முடிந்ததும் பாட்டுக் கேட்கத் திறக்கப் போனால், பூட்டின் திறப்பும் ரேடியோவோடு உள்ளே.