வட்டதாகையில் ஏறியது நான் மட்டும்

இன்று குடும்பத்தோடு பொலன்னறுவை போனோம். யட்டியாந்தோட்டையிலிருந்து விடியுமுன்பே வேனில் கிளம்பினோம்.

அங்கே எல்லாம் நடைதான். இடிந்த அரண்மனைக்குப் போனதும் மகன், "அம்மா, ஒங்களால ஏலாது. பையப் பாத்துக்கிட்டு இந்த நெழல்ல இருங்க" என்றான். குளத்தடியிலும் அதே பேச்சு. இவ்வளவு தூரம் வந்து, மரத்தையும் பைகளையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவேனோ என்று இருந்தது.

வட்டதாகை என்கிற பழைய புத்தர் கோயிலுக்கு வந்தபோது உச்சி வெயில். செருப்பைக் கழற்றித்தான் ஏற வேண்டும். கல்லில் கால் வைத்த மகன் "ஐயோ அம்மா!" என்று திரும்பி ஓடி வந்தான். மருமகளும் பேத்தியும் அவன் பின்னாலேயே.

நான் செருப்பைக் கழற்றினேன்.

"அப்பாயி, சுடும்!" என்றாள் பேத்தி.

"முப்பது வருசம் ரப்பர் பால் வாளியத் தூக்கிக்கிட்டு வெறுங்காலோட தார் ரோட்டுல நடந்தவ நான். இது ஒரு சூடா? போனக் குடு. நீங்க பையப் பாத்துக்கங்க."

நிதானமாகச் சுற்றினேன். நாலு திசைக்கும் ஒரு புத்தர் உட்கார்ந்திருக்கிறார். வாசல் கல்லில் யானையும் குதிரையும் வரிசையாகப் போகின்றன.

இறங்கியதும் "உள்ள என்னம்மா இருக்கு?" என்றான் மகன். விலாவாரியாகச் சொன்னேன்.

இந்தப் படம் நான் மேலே நின்று எடுத்தது. தூரத்தில் மரத்தடியில் பைகளோடு நிற்பது என் குடும்பம்தான்.

மகன் இதைப் போட வேண்டாம் என்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?