முளைக்கயிறு

திலக் நகரில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஆக்காட்டிக் குருவி கத்துகிறது. காலி மனையில் முட்டையிட்டிருக்கிறது. அங்கேதான் வாட்ச்மேனின் ஆடும் மேய்கிறது.

என் சின்ன வயதில், யுத்த காலத்தில், தாராவியில், சதுப்புக்காட்டு ஓரம்தான் எங்கள் ஆடுகளுக்கு மேய்ச்சல். வெறுந்தரையில் ஆக்காட்டி முட்டைகளைப் பார்த்த அன்றே அம்மா முளையடித்து ஆடுகளைக் கட்டிவிட்டாள். எவ்வளவு இழுத்தாலும் கயிறு முட்டைக்கு ஒரு முழம் முன்பே நின்றுவிடும்.

“நல்ல புல்லெல்லாம் அங்கதான கெடக்கு? பாலு கொறஞ்சிருமேட்டி!” என்றார் அப்பா.

அம்மா முளையை இன்னும் ஓர் அடி அடித்து இறக்கினாள். “கொறஞ்சா கொறையட்டும். குஞ்சு எந்திரிச்சு நடக்கட்டும், பொறவு அவுத்து விடுதேன்.”

அதுவரை வீட்டில் எல்லோருக்கும் கடுங்காப்பிதான். அப்பாவுக்கும்.

இப்போது துணிக்கொடியை அவிழ்த்து, ஈரத்துணிகளைக் கட்டிலில் போட்டுவிட்டேன். முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது. கொடிக்கயிற்றோடு படியிறங்குகிறேன்.