பதினாலாம் நம்பர் ஸ்பானர் விழுந்த பாட்டு

என் கராஜின் சுவரில் ஆணிகள் வரிசையாக அடித்திருக்கின்றன. எட்டு, பத்து, பன்னிரண்டு என்று ஒவ்வோர் ஆணியிலும் அதற்குரிய ஸ்பானர் தொங்கும். பதினாலுக்கு உரிய ஆணி மட்டும் வெறுமையாக இருக்கும். ஸ்பானர் தொலைந்து போகவில்லை. வேலை மேசையின் ஓரத்தில், இப்போதே விழப்போகிறேன் என்பது போலக் கிடக்கிறது. ஒருமுறை அப்படிக் கிடந்து விழுந்ததால்தான் அதன் சத்தம் நாடு முழுவதும் வானொலியில் போனது. பன்னிரண்டு வருடம் டிரம்ஸ் அடித்த என் பெயர் அதில் வரவில்லை. அந்த இரும்புத் துண்டும் என்னைப் போலப் பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகாததுதான். எங்கள் இனத்தில் ஒருவராவது முன்னுக்கு வந்தாரே என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். படிப்புத்தான் என்னை விட்டது என்றும் சொல்லலாம். பிரியும்போது இரண்டு பேரும் அழவில்லை. இலக்கங்கள் வரும். எழுத்தென்றால் கூட்டிக் கூட்டி வாசிப்பதற்குள் தாளே பழசாகிவிடும். ஆகவே எனக்கு வேண்டியதையெல்லாம் எழுதித் தந்தவன் மச்சான்தான். அவன் மச்சானாக ஆவதற்கு முதலே அந்த வேலையைத் தொடங்கிவிட்டான். வவுணதீவுப் பக்கம் ஒரு பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது. கடிதம் எழுத ஆள் வேண்டும். பக்கத்தில் இருந்த கூட்டாளி அவன் ஒருவன்தான். அந்தப் பெண் அவனுடைய அக்கா. "எழுதுறன், ஆனா நான் எழுதினதெண்டு அவளுக்குத் தெரியக்குடா" என்றான். என்ன எழுதினான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாசிக்காமலே கொண்டுபோய்க் கொடுத்தேன். கலியாணம் நடந்துவிட்டது. அவன் எழுதித் தரும் தாளை நான் ஏன் வாசித்துப் பார்ப்பதில்லை என்று பிறகு ஒருவர் கேட்டார். அவருக்கு என் மனைவியைக் காட்டினேன்.

கலியாணத்துக்குப் பிறகு மனைவியின் சீதன வளவிலேயே கராஜைப் போட்டேன். பகலில் மோட்டார் சைக்கிளும் வயல்வட்டையில் உழுகிற லேண்ட்மாஸ்டரும் திருத்துவேன். பின்னேரம் அதே இடத்தில் பாட்டுப் பழகுவோம். மச்சான் பாடுவான். ஏறாவூரில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணர் ஒருவரை நாங்கள் காக்கா என்போம்; அவர் கிற்றார் வாசிப்பார். நான் டிரம்ஸ். முதல் வாரமே வயலால் வந்த பக்கத்து வளவுப் பெரியவர் படலையில் நின்று, "என்ன மனே, ஆரிட சைலன்சர் ஓட்டை? பின்னேரந்தொட்டுக் கத்துது" என்று கேட்டார். காக்கா கிற்றாரைக் கீழே வைத்துவிட்டு, "பேர் வெச்சிட்டார் கா" என்றார். அன்றிலிருந்து எங்கள் குழுவின் பெயர் 'ஓட்டைச் சைலன்சர்'.

எங்கள் பக்கத்து மேடைகளில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் பாட்டுக்கு முன் பாடகர் ஒவ்வொரு வாத்தியக்காரரின் பெயரையும் சொல்வார். பெயர் வந்ததும் அவர் கொஞ்சம் தனியாக வாசித்துக் காட்ட வேண்டும். டிரம்ஸ்காரன் எப்போதும் கடைசி. என் பெயர் வருவதற்குள் பாதிச் சனம் செருப்பைத் தேடத் தொடங்கிவிடும். ஒருமுறை இதைச் சொல்லிச் சலித்துக்கொண்டபோது மச்சான் என் தோளில் கை போட்டான். "ரேடியோவில நம்மட பாட்டு வரக்குள்ள உன்ட பேரத்தான் முதல் சொல்லுவன் மச்சான். செருப்புத் தேட ஒருத்தனும் இரிக்கமாட்டான்." எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. அதுவரை என் பெயர் ஒலிபெருக்கியில் வந்தது ஒருதடவைதான்; பள்ளிக்கூட அதிபர் அறைக்கு உடனே வரவும் என்று.

எங்கள் முதல் சொந்தப் பாட்டைக் கராஜிலேயே பதிவு செய்தோம். சுவரில் மெத்தைகளைக் கட்டி, காக்காவின் மடிக்கணினியை டயர் அடுக்கின் மேல் வைத்து, கோழிகளை அடைத்துவிட்டுத் தொடங்கினோம். ஆறு தரம் நான்தான் பிழைவிட்டேன். ஏழாம் தரம் எல்லாம் கூடி வந்தது. இரண்டாவது சரணம் முடிந்து எல்லோரும் ஒரு கணம் நிறுத்த வேண்டிய இடம். நான் கையைத் தூக்கினேன். முழங்கை மேசையில் பட்டது. பதினாலாம் நம்பர் ஸ்பானர் சீமெந்துத் தரையில் விழுந்து, கிணுங்கி, ஒருதரம் துள்ளி அடங்கியது. அதற்கு மேல் பாட்டு திரும்ப எழும்பியது. முடிந்ததும் நான் தலையில் கை வைத்தேன். காக்கா கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டார். "இத எடுக்கக்குடா. இதான் பாட்டு" என்றார். மச்சான்தான் முகத்தைச் சுளித்தான். "கராஜ் சத்தம் கேட்டா ஆரு நம்மள மதிப்பான்?" நான் காக்கா பக்கம். இரண்டுக்கு ஒன்று. ஸ்பானர் நின்றது.

அடுத்த மாதம் கொழும்பு வானொலி ஒன்றின் அறிவிப்பாளர் திருவிழா நிகழ்ச்சி ஒன்றுக்கு வந்து, வாவிப் பாலத்தடியில் கார் நின்று போய், என் கராஜுக்கு இழுத்து வரப்பட்டார். ஒரு சாமான் வர இரண்டு நாள் ஆகும் என்றேன். சாமான் கராஜிலேயே இருந்தது. இரண்டு நாள் அவகாசம் எனக்குத்தான் தேவைப்பட்டது. பாட்டை ஒரு பென்டிரைவில் போட்டோம். குழுவின் பெயரையும் எங்கள் மூன்று பேரின் பெயரையும் ஒரு துண்டுத் தாளில் எழுதச் சொல்லி மச்சானிடம் கொடுத்தேன். முத்துப் போன்ற எழுத்து அவனுக்கு. எழுதி மடித்துத் தந்ததைச் சட்டைப் பையில் இரண்டு நாள் வைத்திருந்தேன். ஒருதரம் விரித்தும் பார்த்தேன். சின்னதாக ஒரே ஒரு வரி இருந்தது. இவ்வளவையும் ஒரு வரிக்குள் அடக்கிவிட்டானே, படித்தவன் படித்தவன்தான் என்று வியந்து திரும்ப மடித்து வைத்தேன். காரைக் கொடுக்கும்போது, "கூலி வேணாம் ஐயா, இதக் கேளுங்க, போதும்" என்று பென்டிரைவையும் துண்டையும் அவர் கையில் வைத்தேன்.

அறிவிப்பாளருக்குப் பாட்டு பிடித்துவிட்டது. மச்சானைப் பேட்டிக்குக் கூப்பிட்டார்கள். "ஒரு ஆளுக்குத்தான் இடமாம், நான் போய் எல்லாரையும் சொல்லுறன்" என்று கொழும்புக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கராஜில் வேலை நிறுத்தி, வானொலியை மேடை ஸ்பீக்கரோடு இணைத்து, தெருவையே கூட்டிவிட்டேன். படலைப் பெரியவரும் வந்தார். காக்கா ஏறாவூரிலிருந்து ஒரு சட்டி வட்டிலப்ப இனிப்புக் கொண்டு வந்தார். என் பெயர் சொன்ன பிறகுதான் வெட்டுவது என்று முடிவு.

அறிவிப்பாளர் சிரித்துக்கொண்டே தொடங்கினார். "இந்தப் பாட்டு எனக்குக் கிடைச்சதே ஒரு கதை. மட்டக்களப்புல கார் பழுதாப் போச்சு. திருத்தித் தந்த மெக்கானிக் ஒரு துண்டும் தந்தார். இன்னும் என்னட்ட இருக்கு. ஒரு பெயரும் ஒரு ஃபோன் நம்பரும், அவ்வளவுதான். தனியாவா செஞ்சீங்க?"

"ஓம், வீட்ட இருந்து தனியத்தான். அந்த மெக்கானிக் எங்கட அக்காட மனுசன். நல்ல மனுசன். பாட்டெண்டா உயிர்."

"நடுவில ஒரு உலோகச் சத்தம் வருதே?"

"அது நான் நிறைய யோசிச்சு வெச்சது. எங்கட மண்ணில உடைஞ்சு போன வாழ்க்கைகள்ட சத்தம்."

கராஜில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு காக்கா மெதுவாக என் பக்கம் திரும்பி, "தம்பி, எத்தின பேரிட வாழ்க்கைய நீ முழங்கையால தட்டி விழுத்தியிரிக்காய்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும் விட நான்தான் அதிகம் சிரித்தேன். வட்டிலப்பத்தை யாரும் வெட்டவில்லை. சிரித்து முடிந்த பிறகு அந்த ஒற்றை வரி ஞாபகம் வந்தது. கொழும்புக்குப் போய் மனம் மாறியிருந்தால்கூட அவனை விளங்கிக்கொண்டிருப்பேன். துண்டு எழுதும்போது அவன் கொழும்புக்குப் போயிருக்கவேயில்லை. இங்கே, என் மேசையில், நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே எங்களை விட்டுவிட்டு எழுதினான். என் சட்டைப் பையில் அதை நானே சுமந்து, என் கையாலேயே கொடுத்தேன்.

அடுத்த கிழமை வந்தான். அவனுடைய அக்கா தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு உடனே திரும்பி உள்ளே போனாள். அவன் என்னைப் பார்க்காமல் பேசினான்.

"பாட்டு வெளியிடுற கொம்பனிக்காரர் ஒரு முகந்தான் கேக்கிறாங்க மச்சான். மூண்டு பேர் பான்ட் எண்டா அவங்களுக்குத் தலையிடி. நான் ஏறினா மறுகா உங்களையும் ஏத்துவன்தானே."

"துண்டு எழுதக்குள்ள கொம்பனி எங்கடா இருந்த?"

அவன் கோப்பையைத் தள்ளி வைத்தான். நான் பகிடி ஒன்று சொல்லித் தப்பிக்கலாம் என்று பார்த்தேன். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒன்றும் வரவில்லை. தேத்தண்ணி ஆறி ஆடை படிந்தது. அவன் எழும்பிப் போனான்.

கொம்பனி அந்தப் பாட்டைத் திரும்பப் பதிவு செய்து வெளியிட்டது. டிரம்ஸுக்கு மெஷின். கிற்றாருக்குக் கொழும்பு ஆள். ஸ்பானர் சத்தத்தை மட்டும் அவர்களால் செய்ய முடியவில்லையாம். எங்கள் பழைய பதிவிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று காக்கா கேட்டுப் பார்த்துச் சொன்னார். காக்கா கிற்றாரை இப்போது கடையில் துணிகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். என் டிரம்ஸ் கராஜின் மூலையில் தார்ப்பாயின் கீழ் கிடக்கிறது. கோழிகளுக்கு அது பிடித்திருக்கிறது. நல்ல நாள் பெருநாளுக்கு மச்சான் வருவான். சாப்பாடு போடுகிறோம். அரசாங்கக் கடிதம் ஏதும் வந்தால் மகளைக் கொண்டு வாசிப்பிக்கிறேன்.

போன கிழமை ஒரு பொடியன் மோட்டார் சைக்கிளோடு வந்து குந்தியிருந்தான். வானொலியில் அந்தப் பாட்டு போனது. நான் நிறுத்துவதில்லை; கை முழுக்க எண்ணெய். இரண்டாவது சரணம் முடிந்தது. சத்தம் விழுந்து, துள்ளி, அடங்கியது. பொடியன் சட்டென்று குனிந்து மேசைக்குக் கீழே தேடினான்.

"அண்ணன், என்னமோ விழுந்திட்டு."

"ஓம் தம்பி" என்றேன். "அண்டைக்கு அவடத்ததான் விழுந்த."

மேசை ஓரத்தில் கிடந்த பதினாலை எடுத்து, அவனுடைய பின் சில்லின் நட்டைக் கழற்றத் தொடங்கினேன். அவன் இன்னும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.