மூணாவது சட்டத்தில் தேய்ந்த இடம்

எனக்கு எழுபத்தாறு வயசு. அஞ்சு பிள்ளைகளை வளர்த்தேன். எழுத்து நொம்பத் தெரியாது. வேலை பார்த்த எஸ்டேட்டில் கைநாட்டு வைக்க மாட்டேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டேன். அந்த எழுத்தை வச்சுத்தான் இதை எழுதுறேன்.

எங்க ஊருக்குக் கீழே ஓடை மேல இரும்புப் பாலம் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துப் பாலம். ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல, முக்கோணம் முக்கோணமா இரும்புச் சட்டம். பஸ் ஏறினால் ஊருக்கே சத்தம் கேட்கும். புதுப்பாலம் வரப்போகுது, பழசைப் பிரிக்கிறதுக்கு முன்னால எழுதி வைக்கணும் என்று சேலத்திலிருந்து ஒரு பொண்ணு நாலஞ்சு பேரோட வந்தது. டேப் பிடிச்சு அளந்தாங்க. ஒவ்வொரு சட்டத்துக்கும் சாக்பீஸில் நெம்பர் போட்டாங்க.

எங்க ஊரில் பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போறதில்லை. சுடுகாடு ஓடைக்கு அந்தப் பக்கம். ஊர்ப்பக்கமிருந்து மூணாவது சட்டத்துக்கிட்ட பாடையை இறக்கி, தலைமாடு கால்மாடு திருப்பித் தூக்குவாங்க. அதுக்கு மேல ஆம்பளைங்க மட்டும்தான். நாங்க அந்தச் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுக்கு மறையிற வரைக்கும் பார்த்துட்டுத் திரும்பணும்.

என் பெரிய பையன் மிளகு பறிக்க ஏணி ஏறி, விழுந்து செத்தான். பொண்ணு பார்த்து வச்சிருந்தோம். அன்னைக்கு நான் சட்டத்தை விடலை. ரெண்டு பேர் வந்து என் விரலைப் பிரிச்சாங்க. அப்புறம் எஸ்டேட்டுக்குப் போறப்பவும் வர்றப்பவும் அதைத் தொடாமல் நான் போனதில்லை. என்னை மாதிரி எத்தனை பேர் தொட்டாங்களோ. எத்தனை தடவை பெயிண்ட் அடிச்சாலும் அந்த இடத்தில் மட்டும் நிற்காது. வழுவழுன்னு இரும்பு தெரியும்.

அளக்க வந்த பொண்ணு டீக்கடையில் ஆம்பளைங்களை உட்கார வச்சுக் கேட்டது. நான் சட்டத்துக்கிட்ட நின்னேன். "பாட்டி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, போட்டோவுல விழறீங்க" என்றது. தள்ளி நின்னேன். பொறகு அந்த இடத்தைத் தடவிப் பார்த்துட்டு என்கிட்ட வந்தது.

"இங்க மட்டும் ஏன் பாட்டி தேஞ்சிருக்குது? உங்களுக்குத் தெரியுங்களா?"

டீக்கடைக்காரர் அங்கிருந்தே, "ஏனுங்க, அந்தம்மாவைக் கேட்டீங்கன்னா பாலத்தையே அவங்க மாமனார்தான் கட்டினாருன்னு சொல்லுவாங்க" என்றார். எல்லாரும் சிரிச்சாங்க. அந்தப் பொண்ணும் சிரிச்சது.

எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. "எனக்கென்னங்க தெரியும், தெரிஞ்சவங்களைக் கேளுங்க" என்று சொல்லிட்டு ஊட்டுக்கு நடந்துட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டது. நான் திரும்பலை.

பாலத்தைக் கேஸ் வச்சு அறுத்து, லாரியில் ஏத்திக் கொண்டு போயிட்டாங்க. போன வாரம் பேத்தி, அந்தப் பொண்ணு எழுதினதைப் பஞ்சாயத்து ஆபீஸில் பார்த்து, போனில் படம் பிடிச்சுட்டு வந்து படிச்சாள். நீளம், அகலம், ஆணி எத்தனை, எல்லாம் இருக்குது. மூணாவது சட்டத்துக்கு நேரா, "நெஞ்சு உயரத்தில் பெயிண்ட் தேய்ந்துள்ளது. காரணம் தெரியவில்லை" என்று போட்டிருக்குது.

பேத்தி அடுத்ததைப் படிச்சுக்கிட்டே போனாள். எனக்கு அதுக்கு மேல காதில் ஏறலை.

அந்தப் பொண்ணு கேட்டது. நாலு பேர் சிரிச்சதுக்காக நான்தான் என் பிள்ளையைச் சொல்லாமல் வந்துட்டேன். காரணம் தெரியும். அது நாங்க பிடிச்சுக்கிட்டு நின்ன இடம். என் பையனை நான் கடைசியாப் பார்த்த இடம். பேத்திகிட்ட இதை அந்தப் பொண்ணுக்கு அனுப்பச் சொல்லப்போறேன். அதில் சேர்க்குமோ, சேர்க்காதோ.

கண்ணு, இங்க வா. இதைப் படிச்சுக் காட்டு. தப்பு இருந்தா இருக்கட்டும், திருத்தாத. உங்க பெரியப்பன் வர்ற இடத்துல மட்டும் வேகமாப் போயிராத.