சம்பளத்துக்குப் பதிலாகப் பட்டுப்புடவை

பி.காம். முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்திருந்த எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு கபடி கிளப்பின் ஆபீசில். கிடைத்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. முசரவாக்கத்தில் எங்கள் அப்பாவின் மூன்று ஏக்கர் நிலத்தை ஸ்டேடியம் கட்டக் குத்தகைக்குக் கேட்டு வந்தவர், பேச்சோடு பேச்சாக, "உங்க பொண்ணு படிச்சிருக்குதாமே, நம்ம ஆபீசுக்கு அனுப்புங்க" என்றார். வாடகை குறைவாக இருக்கிறதே என்று அதுவரை இழுத்துக்கொண்டிருந்த அப்பா அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

அவருக்குக் காஞ்சிபுரத்தில் பெரிய பட்டுக்கடை இருந்தது. மாடியில் ஃபைனான்ஸ் ஆபீஸ்; கிளப் ஆபீசும் அங்கேதான். எல்லோரும் முதலாளி என்றே கூப்பிடுவார்கள். தெற்கே ஒரு ஊரில் நூல் மில் ஒன்று தொண்ணூறுகளில் மூடப்பட்டபோது, அந்த மில் சம்பளம் கொடுத்து வைத்திருந்த கபடிக் குழு அநாதையாக நின்றது. முதலாளி அதை அப்படியே எடுத்து இங்கே கொண்டுவந்தார். பனியனில் கோபுரம் அச்சடித்து, குழுவின் பெயரில் காஞ்சிபுரத்தைச் சேர்த்தார். பதினொரு ஆட்டக்காரர்கள் ஒரு வேனில் தலையணை, ஸ்டவ், குடம் சகிதம் வந்து இறங்கினார்கள். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு வீட்டில் அத்தனை பேரும் தங்கினார்கள்.

அவர்களுடைய கேப்டனுக்கு அப்போது முப்பதைத் தாண்டியிருந்தது. ஒரு முழங்காலில் எப்போதும் உறை. என்னைத் 'தங்கச்சி' என்பார், நான் 'அண்ணே' என்பேன். அவர் மனைவி கர்ப்பமாக இருந்ததால் ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். கபடி என்றால் பள்ளிக்கூடத்தில் பையன்கள் சட்டையைக் கிழித்துக்கொள்ளும் விளையாட்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் ஆடுவதைப் பார்த்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது. எதிராளி பாடிக்கொண்டு உள்ளே வருவான். இவர் பாட்டுக்கு அசையாமல் நிற்பார். அவன் திரும்பக் காலெடுக்கும் அந்த ஒரு நொடியில் கணுக்கால் இவர் கையில் இருக்கும். கேட்ச் என்பார்கள் அதை. எப்போது குனிந்தார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியாது.

ஸ்டேடியம் திறந்த அன்று வாழைமரம் கட்டி, மேளம் வைத்து, ஊரே திரண்டது. மூன்று பக்கம் இரும்புக் குழாய் கேலரி, ஒரு பக்கத்துக்குத் தகரக் கூரை, நாலு மூலையிலும் விளக்குக் கம்பம். அன்றைக்கு எல்லோருக்கும் இலவசம். அப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"நம்ம கொல்லி நெலத்துல இவ்ளோ ஜனமா? ஊருக்கு ஒரு பேரு வருதுன்னா வரட்டுமேமா" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

அடுத்த மாதத்திலிருந்து டிக்கெட். கூட்டம் குறைய ஆரம்பித்தது. ஆட்டம் சாயங்காலம் ஆறரைக்கு. எங்கள் ஊரிலிருந்து காஞ்சிபுரத்துக்குத் திரும்பும் கடைசி பஸ் ஏழு மணிக்கு. தறியிலிருந்து எழுந்து, முகம் கழுவிக்கொண்டு வருகிறவர்கள் பாதி ஆட்டத்தில் எழுந்து பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருந்தது. ஆட்டத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைக்கலாமே என்று முதலாளியிடம் சொன்னேன். "லைட்டு வெளிச்சத்துல ஆடுனாத்தாம்மா போட்டோ நல்லா வரும்" என்றார்.

அந்த போட்டோ எதற்கு என்பது எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. என் மேஜைக்குப் பக்கத்து மேஜையில் இன்னொரு வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் நிலத்தை ஒட்டியிருந்த பத்துப் பன்னிரண்டு ஏக்கரை முதலாளி ஏற்கெனவே வாங்கிப் போட்டிருந்தார். அங்கே மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களை நட்டு, ஸ்டேடியத்தின் பெயரையே வைத்து மனை விற்றார். அந்த நோட்டீசில் விளக்கு வெளிச்சத்தில் எங்கள் கேலரி பளபளத்தது. ஆட்டம் பார்க்க வராதவர்கள் சென்னையிலிருந்து கார் வைத்துக்கொண்டு மனை பார்க்க வந்தார்கள். டிக்கெட் கலெக்ஷன் என் நோட்டில், மனைக் காசு வேறு நோட்டில். என் நோட்டில் எப்போதும் நஷ்டம்தான். அதைக் காட்டித்தான் முதலாளி எல்லோரிடமும் புலம்புவார்.

கடைசி மனை விற்ற அன்று ஆபீசில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள். அந்த மாதத்திலிருந்து ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் வரவில்லை. அப்பாவுக்கு வாடகையும் வரவில்லை. கேலரி கட்டின கான்ட்ராக்டர் பாக்கி கேட்டு நடையாய் நடந்தார். கரன்ட் பில் கட்டாததால் ஃபியூசைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பிறகு ஆட்டம் மத்தியான வெயிலில் நடந்தது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் பதினொரு பேரும் ஆபீஸ் படியேறி வருவார்கள். 'அடுத்த வாரம்' என்று சொல்வது என் வேலையாகிவிட்டது. அவர்கள் என்மேல் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. "சரி தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, வரும்போது வந்த அதே வரிசையில் இறங்கிப் போவார்கள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஏழாவது மாதம் கேப்டன் நேராக முதலாளியின் அறைக்குள் போனார். கதவு திறந்தே இருந்தது.

"மொதலாளி, பயலுக வீட்டுக்குப் போன் பேசவே வெக்கப்படுறானுக. மளிகைக்கடைக்காரரு வாசல்ல வந்து நிக்கிறாரு. என் பிள்ளை பொறந்து மூணு மாசமாச்சு, இன்னும் போய்ப் பாக்கலை."

"நான் இன்னாபா பண்ணட்டும்? இந்த ஊருக்கு கபடி புடிக்கல. ஊர் ஆதரிச்சாதானே கிளப்பு நிக்கும்?" என்றார் முதலாளி. பஸ் இல்லாத இடத்தில் ஸ்டேடியத்தைக் கட்டிவிட்டு, ஊர்மேல் பழி போடுகிறார். பிறகு குரலை இறக்கிக்கொண்டார். "காசா இல்ல. புடவையா தர்றேன். ஆளுக்கு ரெண்டு. ஒரு புடவை ஒரு மாச சம்பளம். காஞ்சிபுரம் பட்டுன்னா உங்க ஊர்ல கொத்திக்கினு போவாங்க."

கேப்டனுக்கு வேறு வழி இருக்கவில்லை. இருபத்திரண்டு புடவைகள் கடையிலிருந்து மேலே வந்தன. 'இரண்டு மாதச் சம்பளம் பெற்றுக்கொண்டேன்' என்று பதினொரு வவுச்சர் அடித்தவள் நான். ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு, புடவையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். அத்தனையையும் இரண்டு பையில் அடுக்கி, ஊரில் விற்றுக் காசாக்கி வருவதாகக் கேப்டன் கிளம்பினார். பிள்ளையையும் பார்த்துவிடலாம் என்ற சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.

நாலாம் நாள் காலையில் நான் நிலத்துப் பக்கம் போனபோது கேலரியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் அதே இரண்டு பைகள்.

"விக்கலையா அண்ணே?"

"கடைக்காரரு சரிகையை நகத்தால சுரண்டிப் பாத்தாரு தங்கச்சி. உள்ள செவப்பு நூல் தெரியணுமாம்ல? வெள்ளையா இருந்துச்சு. காஞ்சிபுரம்னு சொல்லி ஏமாத்த வந்தியான்னு ரெண்டு மணி நேரம் கடையில நிக்கவச்சுட்டாரு. போலீசைக் கூப்பிடுறேன்னாரு. பழைய மில் மேஸ்திரி ஒருத்தரு வந்து, இவனை எனக்குத் தெரியும்னு சொன்ன பெறகுதான் விட்டாங்க." பைகளைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "பதினஞ்சு வருசம் அந்த ஊருக்காக ஆடுனவன் நானு."

ஒரு புடவையை எடுத்து முந்தானையை நானும் சுரண்டினேன். சரிகை உதிர்ந்து வெள்ளை இழை தெரிந்தது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். சரிகை பார்ப்பது இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். வவுச்சர் அடிக்கும்போது ஒரு புடவையைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லையே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

"அண்ணே, பையை எடுங்க" என்றேன்.

அது முகூர்த்த மாதம். முதலாளியின் கடையில் கால் வைக்க இடமில்லை. சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு கல்யாண வீட்டார் பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கல்யாணப் பெண். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, மாடி ஆபீசிலிருந்து வவுச்சர்களை எடுத்து வந்து, அவர்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, இருபத்திரண்டு புடவைகளையும் பாயில் எடுத்து வைத்தேன். கேப்டன் என் பின்னால் நின்றார். மேனேஜர் ஓடி வந்தார்.

"இன்னாமா இது, மேல ஆபீசுக்குப் போ. வியாபார நேரத்துல..."

"இதுவும் வியாபாரம்தான் சார். இந்தப் புடவை நம்ம கடைதானே? இன்னா விலைன்னு சொல்லுங்க."

அவர் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தார். கல்யாண வீட்டு அம்மாள் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, புடவையில ஏதாவது குறையா?"

"சுரண்டிப் பாருங்கம்மா" என்று ஒன்றை அவள் மடியில் வைத்தேன். "இவர் கபடி ஆடுறவர். ஏழு மாசம் சம்பளம் தராம, அதுக்குப் பதிலா இதைக் குடுத்திருக்காங்க. சம்பளம்னு கையெழுத்து வாங்கினது நான்தான். இதோ வவுச்சர்."

அந்த அம்மாள் சுரண்டிப் பார்த்தாள். பிறகு, தான் எடுத்து வைத்திருந்த முகூர்த்தப் புடவையின் முந்தானையைத் திருப்பி அதையும் சுரண்ட ஆரம்பித்தாள். அதைப் பார்த்துப் பக்கத்துப் பாயில் இருந்தவர்களும் தங்கள் புடவையைத் திருப்பினார்கள். முதலாளி மாடிப்படியில் பாதி இறங்கி அப்படியே நின்றுவிட்டார்.

"மா, எழுந்திரு. மேல வா, பேசிக்கலாம்."

"இங்கயே குடுத்துடுங்க சார். நாங்க எண்ணிக்கினு போயிடுறோம்."

அவர் கல்லாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். வவுச்சரில் இருந்த தொகை, பதினொரு பேருக்கும் இரண்டு மாதச் சம்பளம், அங்கேயே எண்ணிக் கொடுக்கப்பட்டது. ஏழு மாதச் சம்பளத்தைத் தின்றவரின் கல்லாவிலேயே அந்தப் பணம் இருந்திருக்கிறது.

வாசலில் வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது கேப்டன் சிரித்தார். "நீ நல்லா கேட்ச் போட்ட தங்கச்சி" என்றார்.

மறுநாள் எனக்கு வேலையில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். எதிர்பார்த்ததுதான். மீதி ஐந்து மாதச் சம்பளம் யாருக்கும் வரவில்லை. முதலாளி கிளப்பை இன்னொரு ஊர்க்காரருக்குக் கைமாற்றப் பார்த்தார். சம்பளம் கேட்டு ஆட்டக்காரர்கள் எல்லோரும் வேனில் ஏற மறுத்ததால் அது நடக்கவில்லை. இரண்டிரண்டு பேராக அவரவர் ஊருக்கு பஸ் ஏறினார்கள். கேப்டன் கடைசியாகப் போனார். போவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா போட்ட தோசையைச் சாப்பிட்டுவிட்டு, அப்பாவிடம், "உங்க நெலத்தைக் கெடுத்துட்டமேய்யா" என்றார்.

"நீ இன்னாபா பண்ணுவ" என்றார் அப்பா. கேப்டன் ஊருக்குப் போய் ஒரு தீப்பெட்டி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்ததாகப் பொங்கல் வாழ்த்து அட்டையில் எழுதியிருந்தார். குழந்தை நடக்கிறது என்றும் எழுதியிருந்தார்.

பாக்கி வராத கான்ட்ராக்டர் ஒருநாள் லாரியோடு வந்து கேலரியைக் கழற்றிக்கொண்டு போனார். தகரம், குழாய், கம்பம் எல்லாம் போயின. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் குழாய்களை நிறுத்தியிருந்த கான்கிரீட் மட்டும் நிலத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. அந்த வருஷம் வேர்க்கடலை போடலாம் என்று அப்பா டிராக்டர் விட்டார். இரண்டாவது சாலிலேயே கலப்பைக் கொழு மோதி உடைந்தது. டிராக்டர்காரன் சத்தம் போட, அதற்கும் அப்பாதான் காசு கொடுத்தார்.

வாடகைப் பாக்கி, கான்கிரீட்டை எடுக்கும் செலவு, உடைந்த கொழு எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, டைப் அடித்து, முதலாளிக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினார். மூன்றாவது தடவையும் அது திரும்பி வந்தபோது அப்பா, "விடுமா, பெரிய எடத்துக்காரங்கோ" என்றார். நான் விடவில்லை. காஞ்சிபுரம் கோர்ட்டில் வழக்குப் போட்டோம். எனக்குக் கல்யாணமாகி, வாலாஜாபாத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் சேர்ந்து, முதல் குழந்தையும் பிறந்த பிறகு முதலாளி சமாதானத்துக்கு ஆள் அனுப்பினார். கேட்டதில் பாதி.

"வாங்காதப்பா" என்றேன்.

"எனக்கு வயசாயிடுச்சுமா. கொல்லி சும்மா கெடக்குது" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டார். அதற்காக அவரோடு நான் இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை.

வந்த பணத்தில் அவர் மண் தோண்டும் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு வைத்தார். அது மூன்று நாள் வேலை செய்து, ஒவ்வொரு கான்கிரீட் கட்டையாகப் பிடுங்கி வரப்போரம் குவித்தது. அதற்கு வாடகையும், குழியை மூட மண்ணும், கட்டைகளை ஏற்றிப் போக லாரியும் என்று கணக்குப் பார்த்தால், முதலாளி கொடுத்த பணம் முழுவதும் அவர் நட்டதைப் பிடுங்கவே சரியாகப் போயிற்று. அப்பா அந்த ஆடியில் வேர்க்கடலை விதைத்தார்.