பலூன் போகாத கல்யாணம்

கல்யாண பேண்டில் ட்ரம்பெட் வாசிக்கிறவருக்குக் கன்னம்தான் மூலதனம். ஊதி ஊதியே உப்பிப்போன கன்னத்தால் ஊரே அவரைப் 'பலூன்' என்று கூப்பிடும். அவர் கோபித்துக்கொள்ளவே மாட்டார். இன்னும் கொஞ்சம் உப்பிக் காட்டுவார்.

தம்பியின் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அவருடைய காதுக்குக் கீழே வீங்கியது. தம்பிக்கு வெளியூரில் வேலை. இவர் தோளில் போட்டு வளர்த்த பிள்ளை. மாப்பிள்ளை மண்டபத்துக்குள் நுழையும்போது தனியாக வாசிக்க ஒரு மெட்டைத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தார். "ஓவரா ஊதிட்டேன் போல" என்று வீக்கத்துக்கும் பெருமைப்பட்டுக்கொண்டார்.

மனைவி குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறவள். எலுமிச்சைச் சாறு ஒரு வாய் குடித்ததும் அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு துள்ளியதைப் பார்த்தாள். போன மாதம் காப்பகத்தில் இவர் வாசிக்கப் போனபோது, வாண்டுகள் ஆளுக்கொரு தரம் அந்த ட்ரம்பெட்டை ஊதின. அடுத்த நாளே அதில் இரண்டுக்குக் கன்னம் வீங்கியது. அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

"பொன்னுக்கு வீங்கி. இதுக்குன்னு தனி மருந்து கிடையாது, ஓய்வுதான். எச்சில், தும்மல்ல பரவும். அஞ்சு நாள் யாரோடயும் கலக்காதீங்க" என்றார் டாக்டர். "தம்பி தடுப்பூசி போட்டிருக்காரா?"

"இல்லீங்க."

"வயசுப் பையனுக்கு வந்தா விரைகூட வீங்கலாம்."

வீடு திரும்பியதும் பலூனுக்குக் குறுக்குப் புத்தி எட்டிப் பார்த்தது.

"என் மூஞ்சி எப்பவுமே இப்படித்தானே? யாருக்குத் தெரியப் போவுது?"

"உங்களுக்குத் தெரியுமில்ல?"

எவ்வளவு ஆசையாக இருந்தார், பாவம்! கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பிக்குப் போன் போட்டார். எல்லாவற்றையும் கேட்ட தம்பி, "அப்போ உன் இடத்துல வேற யாரும் ஊத வேணாம்ண்ணே" என்றான்.

கல்யாணத்தன்று தம்பி மண்டபத்து வாசலிலிருந்து வீட்டிலிருந்த அண்ணனுக்குப் போன் போட்டு, அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டான். டிரம் முழங்கியது. ட்ரம்பெட் வரவேண்டிய இடத்தில் மேளமெல்லாம் நின்றது. மாப்பிள்ளையே வாயால் வாசிக்க ஆரம்பித்தான்: "பப்பாப் பப்பாப் பாம்..." கூட்டம் சிரித்துக்கொண்டே சேர்ந்துகொண்டது. தம்பிக்குச் சுருதி என்றால் என்னவென்றே தெரியாது.

"டேய், தப்புடா! மேல போகாத, கீழ வா!" என்று கத்தினார் பலூன். தாடை விண்ணென்று தெறித்தது.

"பேசாதீங்க, வலிக்கும்" என்றாள் மனைவி.

"வலிக்கட்டும் போ" என்று அழுதுகொண்டே சிரித்தார்.